ஆக்டின் அசைந்த வாரம்

வால்திவியாவில் ஜூலை மழைக்கு
முற்றுப்புள்ளி வைக்க ஆளில்லை.
மூன்றாம் மாடியில் மைனஸ் எண்பது பெட்டி முனகுகிறது.
உள்ளே நாற்பத்தெட்டு மட்டிகளின் செரிமானச் சுரப்பி,
ஒவ்வொன்றும் பட்டாணி அளவு.
சிலோயே தீவில் தெல்ஃபினா பாரியா
கயிற்றோடு அறுத்துக் கொடுத்தவை.
பாதிக்கு நச்சுப்பாசி ஊட்டினோம்,
பாதிக்கு வெறும் கடல்.

பாசி தின்றவற்றில்
நஞ்சு முறிக்கும் மரபணு ஐந்து மடங்கு எழுந்தது.
ஐந்து மடங்கு!
வரைபடத்தில் அந்தத் தூண்
பக்கத்துத் தூணைக் குனிந்து பார்த்தது.
அன்றிரவு அனிபால் எல்லாருக்கும் எம்பனாடா வாங்கினான்.

பிறகு இன்னும் பன்னிரண்டு மரபணு பார்த்தேன்.
நான்கு மடங்கு. நாலரை. நான்கு. மறுபடி நான்கு.
நஞ்சோடு ஒட்டுமில்லாத உறவுமில்லாத,
ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசும் மரபணுகூட நான்கு.
ஊரே ஓரிரவில் உயர்ந்து நின்றால்
காலடியைப் பார்க்க வேண்டும்.

இந்த ஊருக்கு அது தெரியும்.
அறுபதாம் ஆண்டு மே மாதம் பூமி குலுங்கி
நிலம் ஆளுயரம் அமிழ்ந்தது.
மாடு மேய்ந்த புல்வெளியில்
இன்று கருங்கழுத்து அன்னம் நீந்துகிறது.
ஆறு ஏறிவிட்டது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.
ஆற்றை அளக்க நட்ட கம்பு
தன் கரையோடு சேர்ந்து இறங்கியதை
யார் கவனித்திருப்பார்கள்?

என் கம்பு ஆக்டின்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர்கள்
அதையே நட்டார்கள்; குழாயில் மிச்சமிருந்தது.
செல் என்னும் கூடாரத்தின் கால் அது,
என்றும் இருக்கும், ஆடாது
என்று எழுதியும் வைத்திருந்தோம்.
இந்தப் பாசியின் நஞ்சோ
முதலில் போய்ப் பற்றுவதே அந்தக் காலைத்தான்.
நஞ்சுண்ட மட்டிகளில் ஆக்டின்
இரண்டு சுற்று தாமதமாக ஒளிர்ந்தது.
சுற்றுக்கு இருமடங்கு, இரண்டு சுற்றுக்கு நான்கு.
ஐந்தை நான்கால் வகுத்தேன்.
ஒன்றேகால்.
வேலி மேய்ந்ததுபோக மிஞ்சிய பயிர்.

பத்து வேட்பாளர்களை வரிசையில் நிறுத்தினேன்,
நாற்பத்தெட்டு மட்டியிலும், மும்மூன்று தடவை.
பதினெட்டு-எஸ் எட்டாம் சுற்றிலேயே கத்தத் தொடங்கிவிடும்.
அந்தச் சத்தத்தை வைத்து
ஒரு முணுமுணுப்பை எப்படி நிறுப்பது?
ரைபோசோம் புரதங்கள் இரண்டும்
ஒன்றுக்கொன்று சத்தியம் செய்தன.
அண்ணன் தம்பி சாட்சி:
சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கி,
இடையில் நூலளவும் பிசகாமல் ஏமாற்றின.
தம்பியை வெளியே அனுப்பியதும் அண்ணன் தள்ளாடினான்.
டியூபுலின்,
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அதிகம் ஆடியதை நீக்கு, மறுபடி கணக்குப் போடு.
நீக்கு, போடு.
விடிகாலை நாலு மணிக்கு இரண்டு மிஞ்சின.
இரண்டில் எது உறுதி என்று கணக்கு சொல்லாது;
அது ஒன்றை மற்றதால் அளக்கிறது.
இந்த இரண்டுமே
இந்த மட்டிக்கு, இந்தச் சுரப்பிக்கு, இந்த நஞ்சுக்கு மட்டும்.
செவுளுக்குப் போனால்
எல்லாம் முதலிலிருந்து.

காலையில் தூணைத் திருத்தி ஒட்டினேன்.
அனிபால் பார்த்தான். காப்பி போடப் போனான்.

வெள்ளிக்கிழமை தெல்ஃபினா கூப்பிட்டாள்,
பின்னால் படகு மோட்டார் இருமியது.
"என் மட்டிக்கு ஏதாவது ஆச்சா, ஆகலையா?"
ஆச்சு, என்றேன். போன மாசம் சொன்ன அளவுக்கு இல்லை.
"எவ்வளவு?"
ஒன்றேகால்.
"எதைவிட?"

மூன்று மாதம் யாரும் கேட்காத கேள்வி.
பதிலுக்கு வாயெடுத்தேன்.
கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது,
அவள் பக்கத்து மழையா என் பக்கத்து மழையா,
சொல்ல முடியவில்லை.