ஈரத்தின் கணக்கு

நஸ்மி போனை மூன்று முறை திருப்பிப் பார்த்தான்.
சிம் போடுகிற வாயைத் திறந்து
உள்ளே டோர்ச் அடித்தான்.
"அக்கா, இது சிவந்திருக்கே."

உள்ளே ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறதாம்,
வெள்ளைப் பொட்டு.
தண்ணீர் பட்டால் சிவக்குமாம்.
சிவந்தால் வாரண்டி இல்லையாம்.
முப்பத்தெட்டாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கிய அன்று
இப்படி ஒரு பொட்டு இருப்பதை
எவரும் சொல்லவில்லை.

திரையின் நடுவே பச்சையாய் ஒரு கோடு,
மேலிருந்து கீழ்வரை.
செவ்வாய் இரவு அப்டேட் கேட்டது. சரி என்றேன்.
புதன் காலை கோடு இருந்தது.
நான் சரி சொன்னது கோட்டுக்கு இல்லை.

"பீலியில விழுந்ததா?"
இல்லை தம்பி.
"மழையில?"
கொழுந்துக்குப் போகையில்
பொலித்தீனில் சுற்றி, சட்டைக்குள் வைத்து
அதற்கு மேல் படங்கு கட்டுகிறேன்.
பெற்ற பிள்ளையைக்கூட
இத்தனை நனையாமல் வளர்க்கவில்லை.
"அப்ப எப்படி?"

எப்படியென்று சொல்கிறேன், எழுதிக்கொள்.
ஆனி பிறந்தால் எங்கள் லயத்துக்குள்
பனிமூட்டம் தட்டாமல் நுழையும்.
தலையணை ஈரம். தீப்பெட்டி ஈரம்.
உப்புப் போத்தலைக் கரண்டிக் காம்பால் குத்த வேண்டும்.
துவைத்த சீருடை நான்கு நாள்
அடுப்புக்கு மேல் தொங்கிப் புகை மணக்கும்.
இங்கே மூச்சு விட்டாலே கண்ணுக்குத் தெரியும்.
காதில் வைத்துப் பேசத்தானே விற்றீர்கள்?
மூச்சு விடாமல் பேசவா?

நஸ்மி சிரித்தான். நல்ல பையன்.
"கொம்பனிக்கு அடிச்சுப் பாருங்க."

தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினேன்.
பதினொரு நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு ஒரு பெண் வந்தாள், சிங்களத்தில்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பனியைச் சொன்னேன்.
மீதும, மிஸ், மீதும.
அவள் வத்துர என்று எழுதிக்கொண்டாள்.
ரீலோட் முடிந்துபோனது.

மஸ்கெலியா பஸ்ஸில் ஆளுக்கொரு அபிப்பிராயம்.
பட்டன் போன்தான் போன்,
விழுந்தால் கல் உடையும் என்றார் கண்டக்டர்.
சைனா சாமான் என்றாள் மதலேனம்மா.
அவள் மகன் கட்டாரிலிருந்து அனுப்பியதும் சைனாதான்,
நான் சொல்லிக்காட்டவில்லை.
அரிசிக்குள் மூன்று நாள் புதைத்து வை என்றார்
பின் சீட்டில் ஒருவர்.
அரிசி விற்கிற விலையில்!

ஜன்னலுக்கு வெளியே மவுசாக்கலை.
அதன் அடியில் பழைய டவுனே கிடக்கிறது.
அங்கே கடை வைத்திருந்தவர்களிடமும்
என்ன பொட்டுச் சிவந்ததென்று யாராவது காட்டியிருப்பார்கள்.

மறுநாள் நாலு மணி நிறுவை.
மடுவத்தில் புதிய மின்தராசு, சிவப்பு எண்கள்.
என் சாக்குக்கு இருபத்திரண்டு காட்டியது.
கணக்கப்பிள்ளை பத்தொன்பது எழுதினார்.
"கொழுந்துல ஈரம்."

சாக்கைத் தூக்க மறந்து நின்றேன்.
இலையில் இருந்தால் கழிக்கிறார்கள்,
போனில் இருந்தால் கூட்டுகிறார்கள்.
மலையில் இறங்குகிற ஈரத்தையெல்லாம்
யார் பேரிலாவது எழுதத்தான் வேண்டும் போல.
"தள்ளுங்க அக்கா" என்றாள் பின்னால் நின்றவள்.
அவள் சாக்கிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது.

திரை மாற்றப் பதினெட்டாயிரம் என்றான் நஸ்மி.
ஐந்து தவணை இன்னும் பாக்கி.
வேண்டாம் என்றேன்.
வெட்கப்படாமல் சொன்னேன், கடையில் ஆட்கள் இருக்கையிலேயே.

கோட்டோடு வைத்திருக்கிறேன்.
கொழும்பில் கார்மெண்ட்ஸுக்குப் போகும் டிலுக்ஷனா
இரவில் வீடியோவில் வருவாள்.
கோடு அவள் மூக்கின் மேல் விழும்.
கொஞ்சம் தள்ளு பிள்ளை என்றால் தள்ளுவாள்,
அப்போது ஒரு கண் போய்விடும்.
இரண்டு பேரும் சிரிப்போம்.

நேற்றும் அப்டேட் கேட்டது.
தேடிப் பார்த்தேன், 'வேண்டாம்' என்றொரு பொத்தான் இல்லை.
'பிறகு' மட்டும் இருக்கிறது.
தினமும் அதையே அழுத்துகிறேன்.
பிறகு, பிறகு,
எங்கள் சம்பள உயர்வுக்குச் சொல்கிற மாதிரி.