ஒரு மிடறு

முத்துக்கடையில் சாயங்கால பஸ் ஏறி உட்கார்ந்ததும்
பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் தள்ளித் திறப்பாள்.
என் சேலையில் என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
தோல் ஷாப்பில் பதினொரு வருஷம்.
மூக்கு எப்போதோ வேலையை விட்டு நின்றுவிட்டது,
சொல்லாமல் கொள்ளாமல்.

அதற்குப் பதிலாகத்தான்
ஸ்டோர் அலமாரியில் இந்த ஆறு மூக்குகள்.
மஞ்சள் நிறம். தீப்பெட்டி இரண்டை ஒட்டிவைத்த அளவு.
காலை ஏழரைக்கு, டிரம்கள் சுற்றத் தொடங்கும் முன்,
சின்ன சிலிண்டரிலிருந்து
ஒவ்வொன்றுக்கும் ஒரு மிடறு விஷம் ஊட்டுவேன்.
கத்தினால் நல்லது.
கத்தாத பிள்ளையை
அன்றைக்கு வெளியே அனுப்புவதில்லை.

பிறகு ரிஜிஸ்தர். பேர், நம்பர், கையெழுத்து.
ஏசுபாதம் எப்போதும் கட்டத்துக்கு வெளியே போடுவார்.
கேட்டால்,
"உள்ள போனாதான் ஆபத்துன்னு நீதானேம்மா சொன்ன."

போன சித்திரையில் நாலாம் நம்பர் திரும்பி வந்தபோது
சத்தம் வரும் துளைமேல் இன்சுலேஷன் டேப்.
ஒட்டினது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை.
சூப்பர்வைசர் நயீம் சிரித்தார்:
"சும்மா சும்மா கத்துது மேடம், வேல ஓட மாட்டேங்குது."
நகத்தால் உரித்தேன். பசை போகவில்லை.
ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை.
சும்மா கத்துகிறதாம்.
சும்மா என்பது எத்தனை பி.பி.எம்.?

சனிக்கிழமை கழிவுநீர்த் தொட்டி.
பன்னிரண்டு அடி. அடியில் சுண்ணாம்பும் மயிரும் குழைந்த சேறு,
பம்பின் வாயில் அடைப்பு.
மூடியை நெம்பியதும் அழுகின முட்டை வாடை.
எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், என்னைத் தவிர.
யாரோ டீ வாங்கி வந்தார்கள்.
பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு காற்றுகூட இல்லை.
புதுசாய்ச் சேர்ந்த தசரதன் டீ கிளாஸை வைத்துவிட்டு
விளிம்பில் குனிந்து மூச்சிழுத்தான்.
"வாடை போயிடுச்சுண்ணே. எறங்கிடலாம்."
சந்தோஷமாகத்தான் சொன்னான்.
ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான்.

வாடை எங்கேயும் போகவில்லை.
கூடிவிட்டது.
கூடினால் அது முதலில் கொல்வது
மூக்கை.

ஏசுபாதம் கயிற்றில் கட்டி இறக்கின நாலாம் நம்பர்
(அதேதான், பசைத்தடம் கறுத்துக் கிடந்தது)
மூன்றாம் படி தாண்டுமுன் கத்தியது.
அதிர்ந்தது. சிவப்பாய் மின்னி மின்னி
எண் ஏறி, ஏறி,
கடைசியில் எண்ணே இல்லை, வெறும் கோடுகள்.
அளக்க முடியாததை அது அப்படித்தான் எழுதும்.
ஏசுபாதம் கயிற்றை விட்டுவிட்டுக் காலரைப் பிடித்தார்.
காலர் கிழிந்தது.
பையன் வந்துவிட்டான்.
உள்ளே, சேற்றுக்குள் விழுந்தும்
நாலாம் நம்பர் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருந்தது.

ப்ளோயர் வைத்து மூன்று மணி நேரம்.
நயீம் தாமத ரிப்போர்ட்டை நீட்டினார்.
சிரிக்கவில்லை. பேனாவும் அவரே கொடுத்தார்.
காரணம் என்ற இடத்தில்
'கத்தியது' என்று எழுதினேன்.
வேறென்ன எழுதுவது?

திங்கட்கிழமை ஏழரை.
தசரதன் வரிசையில் முதல் ஆள்;
காலரை வேறு கலர் நூலில் தைத்திருந்தான்.
நாலாம் நம்பருக்குப் பதில் புதுசு வந்திருந்தது,
உறைகூடப் பிரிக்காமல்.
ஒரு மிடறு, ஒரு மிடறு.
ஐந்து கத்தின.
புதுசு கத்தவில்லை.
"ஆச்சா மேடம்?" என்று வெளியே குரல்.
இல்லை என்றேன்.
மறுபடி ஊட்டிவிட்டு
காதருகே வைத்துக்கொண்டு
நின்றேன்.