பதிதல்

பலாலிக்குப் புதிதாக எடுபடும் பிள்ளைகளுக்கு
இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.
இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் வெறும் கட்டம்.
சொல்லுக்கு நாற்பது ரூபாய்.
கந்தர்மடத்தில் ஒரு மாடி அறை,
ஒரு பக்கம் மட்டும் திரும்புகிற மின்விசிறி.

கொக்பிற்றில் தொடங்கினேன்.
எட்டாம் வகுப்பில் அதைக்
கொக்கும் பிட்டும் என்று நினைத்திருந்தேன்.
அகராதி அதைவிட மோசம்:
சேவல்களைச் சண்டைக்கு விடுகிற குழியாம்.
விமானி அறை என்று எழுதினேன்.
சேவல்கள் பறந்துவிட்டன.

கறுப்புப் பெட்டி கறுப்பில்லை, செம்மஞ்சள்.
மேடேக்கும் மே மாதத்துக்கும் உறவில்லை,
உதவுங்கள் என்கிற பிரெஞ்சு
ஆங்கில வாயில் கோணியது.
வானூர்தி, விமானம், ஆகாயக் கப்பல்,
எதக்கா பழசு என்று கீர்த்திகன் கேட்டான்.
எனக்கு பிளேன்தான் பழசு என்றேன்.

அவன் கோப்பாய், இரண்டாயிரத்து மூன்றில் பிறந்தவன்,
வலப்பக்கத்தைத் தட்டச்சு செய்பவன்.
ஸ்ரோல் வந்தபோது
திருநெல்வேலிச் சந்தையில வெண்டிக்காய் விக்கிற இடந்தானே என்றான்.
இல்லைத் தம்பி,
இறக்கையைக் காற்று கைவிடுவது.

எண்பத்தெட்டாவது, செக்-இன்.
நான் நிமிர்வதற்குள் அவனே அடித்துவிட்டான்: பதிவு.
பயணிகள் இங்கே பதியவும்.
சுத்தமான தமிழ், சந்திப் பிழையும் இல்லை.

அழி என்றேன்.
ஏனக்கா?

எங்களுக்கு ஆங்கிலம் மேலிருந்து வந்தது.
பொம்மர், ஹெலி, பரா லைற்.
சுப்பர்சொனிக் என்று ஐந்து வயதுத் தம்பி
ஓரெழுத்தும் சிந்தாமல் சொன்னான்,
அம்பிறெல்லா அவனுக்கு வராது.
சகடை மட்டும் எங்கள் சொல்.
பாரம் இழுக்கிற வண்டிபோல
மெதுவாய், அவசரமே இல்லாமல் வரும்.
இலக்கணத்தில் அஃறிணை, வாயில் ஆண்பால்.
சுத்துறான் என்போம். திரும்பிறான் என்போம்.
பிறகு மூக்கு கீழே சாயும்.
பதியிறான்!
அந்தச் சொல்லுக்கும் நிலத்துக்கும் இடையில்
பங்கர் வாசல்வரை ஓட நேரம் இருக்கும்.
செருப்புக்கு இருக்காது.

இதில் ஒன்றும் சொல்லவில்லை அவனுக்கு.
அது ஏற்கெனவே எடுபட்ட சொல் என்றேன்.

சுகிர்தாவுக்கு வட்சப்பில் கேட்டு அனுப்பினேன்.
சத்தத்தை வைத்தே எது, எந்தத் திசை என்று
வகுப்புக்கே சொன்னவள்.
இரசாயனவியல் கொப்பியின் பின்மட்டையில்
பெயர், நேரம், எத்தனை தரம் என்று கோடடித்து வைத்திருந்தாள்.
இப்போது ரொறன்ரோ விமான நிலையத்தில்
பெட்டி நிறுத்துப் பட்டி ஒட்டுகிற வேலை.
ஒரு நாளைக்கு முந்நூறு செக்-இன்.
மறுநாள் குரல் வந்தது, பதினொரு வினாடி.
பதியிறான் எண்டு கத்துவம் என்னடி,
ஒரு சிரிப்பு,
மிச்சம் முழுக்க பெல்ற் ஓடுகிற சத்தம்.

செக்-இன் என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம்.
இது மொழிபெயர்ப்பில்லை என்று
நாற்பது ரூபாயைக் கழித்துத்தான் தந்தார்கள்.

ஆனால் அது பிறகு. அன்று பின்னேரம்
நூற்று நான்கில் நின்றோம், ட்ரோன்.
ஆங்கிலத்தில் அது ஆண் தேனீ.
வன்னியில் இருந்த சனம்
எந்த அகராதியும் புரட்டாமல்
வேவு பார்க்க வந்ததற்கு வண்டு என்று பெயர் வைத்தது.
இதை நான் சொல்லிக்கொண்டிருக்கையில்
பக்கத்து மண்டபத்துக் கலியாணத்திலிருந்து ஒன்று எழும்பி,
மாப்பிள்ளையை விட்டு வழிதவறி,
எங்கள் யன்னலுக்கு நேரே வந்து நின்றது.
கீர்த்திகன் தலையைக் கோதிக் கையசைத்தான்.
எந்தக் கலியாண வீடியோவிலோ அவன் இருப்பான்.

நான் மேசைக்குக் கீழே போகவில்லை.
யன்னலைச் சாத்தவும் இல்லை.
காலால் துழாவி
இரண்டு செருப்பையும் மாட்டிக்கொண்டேன்.

நூற்று ஐந்து என்ன,
வாசி என்றேன்.