அடிக்கோடு இல்லாமல்

கிரிம்ஸ்பி மீன்துறைக்கு மேலே, இரண்டாம் மாடி.
ஜன்னலைச் சாத்தியும் வாடை போகவில்லை.
மரண விசாரணை.
மூழ்கியது ஓர் இழுவலைப் படகு.
திரும்பாதவர் நால்வர்,
அவர்களில் ஒருவர் படகின் தலைவர், எட்வின் காத்ரா.

பிழைத்தவன் சமையல்காரன் வில்ஃப் ஸ்டெயின்டன்.
தொப்பி விளிம்பைத் தேய்த்துக்கொண்டே நின்றான்.
"அன்றிரவு உன் தலைவர் நிதானத்தில் இருந்தாரா?"
"க்வைட் நிதானமாக இருந்தார், ஐயா."

ஹேசல் மாசன் தட்டச்சில் அடித்தாள்.
க்வைட்: ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"எந்த க்வைட்?"

அந்த ஊரில் யாரும் சிரிக்கவில்லை.
ஒருவன் க்வைட் செத்துவிட்டான் என்றால்
முழுக்கச் செத்தான், சாவில் பாதி கிடையாது.
சூப் க்வைட் நன்றாயிருக்கிறது என்றால்
உப்பு குறைவு, சொல்ல மனமில்லை.
ஒரே சொல்லுக்குள் நிறைபடியும் அரைப்படியும்.
குரல் எந்த இடத்தில் ஏறியது என்று
கேட்டவர் காதுதான் அளந்துகொள்ள வேண்டும்.
நாமாக இருந்தால் ஓர் ஏகாரத்தைத் தைத்திருப்போம்:
நிதானமாகவே.
(ஏகாரம் வைத்தும் பொய் சொல்கிறோம், அது வேறு கதை.)

நிதானம் சாவைப் போன்றதல்ல, சூப்பைப் போன்றதும் அல்ல.
நடுவில் எங்கோ நிற்கிறது,
கையில் பாதிக் கோப்பையோடு.

காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் பேனாவைத் திறந்தார்.
முழுக்க என்றால் பழி கடலுக்கு.
ஓரளவு என்றால் பழி எட்வினுக்கு,
எனிட் காத்ராவுக்குக் காசு இல்லை.

"சொன்னபடிதான், ஐயா."
"எப்படிச் சொன்னாய்?"
வில்ஃப் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தான்.
அங்கேயும் இல்லை.

"பதிவை வாசியுங்கள், மிஸ் மாசன்."
வாசித்தாள்.
பதினோரு வருடம் பழகிய தட்டைக் குரல்.
ஐஸ் போட்ட பெட்டிகளை வரிசையில் வைப்பது போல
எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை.
மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஆனால் அவள் கேட்டிருந்தாள்.
அவன் குரல் எங்கே ஏறியது என்று
அந்த அறையில் உறுதியாக அறிந்தவள் அவள் ஒருத்திதான்.
வண்டியை ஐந்து தட்டு பின்னால் தள்ளி
ஒரு கோடு இழுத்தால் போதும்.
விரல் விசைமேல் போய் நின்றது.
இழுத்தால் அது அவளுடைய சாட்சியம்.
சத்தியம் செய்தவன் வில்ஃப்.

விரலை எடுத்துக்கொண்டாள்.
தீர்ப்பு வியாழக்கிழமைக்கு.

படிக்கட்டில் எனிட் காத்ரா
ஒரு கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.
அது அவள் கையிலேயே இருந்தது.
"சுகமாயிருக்கிறீர்களா, மிஸஸ் காத்ரா?"
என்றாள் ஹேசல், வேறென்ன கேட்பது என்று தெரியாமல்.

"க்வைட்."

பின்னால் வேறு சொல் வரவில்லை.
ஏறியதா இறங்கியதா என்று
இந்த முறை ஹேசலுக்கும் பிடிபடவில்லை.
மேலே, தட்டச்சு இயந்திரத்துக்கு
ஏற்கனவே உறை போட்டாகிவிட்டது.