ஒமேனா

பெரிய மீனென்றால் குடலை நாய்க்கு எறியலாம்.
ஒமேனா விரல்நீளம்.
தலை, கண், வயிறு
எல்லாம் சேர்த்துத்தான் வாய்க்குள்.

ஹோமா பே கரையில் அக்கேயோவிடம்
கால்கிலோ வாங்கினேன், ஆய்வுக்கு.
காசு வேண்டாமென்றாள்.
"என்ன இருக்கென்று வந்து சொல்."

லென்ஸுக்குக் கீழே
பிளாஸ்டிக் இழையொன்று, நீலம்.
பிறகு பதினொன்று.
என் சட்டையைப் பார்த்தேன்.
வெள்ளை.

திரும்பிப் போனபோது
நீல நைலான் வலையை மணலில் விரித்து
அதன்மேல் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள்.
சொன்னேன்.

"தின்றால் என்ன ஆகும்?"
"இன்னும் தெரியாது."
"எப்போது தெரியும்?"
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் மகனுக்குப் பசி.
ஒரு பிடி அள்ளினாள்.
ஒன்றை எடுத்து
நகத்தால் வயிற்றைக் கீறப் பார்த்தாள்.
அது இரண்டாய் ஒடிந்தது.
அடுப்பில் எண்ணெய்
புகையத் தொடங்கியிருந்தது.