அரைப்பேர்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடி.
கீழே கோழிக்கடை.
ஈரத் துவாயை அவிழ்த்து
ஞானசௌந்தரி என் மேசையில் வைத்தது
ஒரு மடிக்கணினி.
ஊசிமலைத் தோட்டம், மேல்கணக்கு, பிள்ளைமடுவம்.
"விளக்கு எரியுது. ஆள் எழும்பல."

கறுப்புத் திரையில் ஒரே வரி:
துவக்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.
பக்கத்தில் கர்சர் கண்சிமிட்டியது,
தனக்கு இதில் பங்கில்லை என்பதுபோல.

வழக்கமானதையெல்லாம் செய்தேன்.
ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன்.
காசளவு பேட்டரி செத்திருந்தது, மாற்றினேன்.
2013 ஜனவரியில் நின்ற கடிகாரத்தை
இன்றைக்கு இழுத்து வந்தேன்.
செக்யூர் பூட்டை அணைத்தேன்.
அதே வரி.

டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டினால்
எல்லாம் இருக்கிறது.
நாற்பத்தொரு பிள்ளைகள், மாதாமாதம் எடை,
திங்கட்கிழமை டாக்டர் வந்து கேட்கப்போகும் கணக்கு.

"இந்த டிஸ்க் இதுக்குள்ளேயே இருந்ததா?"
இல்லை. ஐப்பசி இடியில் பழைய போர்டு கருகியது.
கொழும்பிலுள்ள நாத்தனார் மகன்
செகண்ட் ஹேண்டில் இதை வாங்கி
அதன் டிஸ்க்கை இதில் பூட்டி அனுப்பிவிட்டான்.

அப்போதுதான் பிடிபட்டது.
பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுகிற
கணக்கப்பிள்ளையை நினைச்சுக்குங்க, என்றேன்.
அவர் கையில் இருப்பது பழைய செக்ரோல்.
அதில் இல்லாதவர் முன்னால் நின்று கத்தினாலும்
அவருக்குக் கேட்காது.
இந்தப் பெட்டியின் சிப் அறுபத்துநான்கு வரை எண்ணும்.
அதை எழுப்பிவிடும் ஃபர்ம்வேர்
முப்பத்திரண்டோடு படிப்பை நிறுத்தியது.

"அரைப்பேர்," என்றார் ஞானசௌந்தரி.
"முழு நாளும் மலையில நின்னாலும்
கிலோ குறைஞ்சா போடுவாங்களே, அது."

இதைவிட நல்ல விளக்கம் எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

ஃபர்ம்வேரையே புதுப்பிக்கலாமே என்று
பக்கத்துக் கடை ரினோஸ் தலையை நீட்டினான்.
கம்பனி கடைசியாக விட்டது எட்டு வருஷத்துக்கு முன்.
அதுவும் முப்பத்திரண்டுதான்.
போதாததற்கு மழை.
அணைக்கட்டு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது,
கரண்ட் எங்களிடம் மட்டும் நிற்பதில்லை.
எழுதும்போது போனால் பிறகு விளக்கும் எரியாது.

எனவே இரண்டு பேரையும் திருத்தவில்லை.
துவக்கப் பகுதியைத் திறந்து,
அந்தப் பழைய காதுக்கு எட்டும்படி
முப்பத்திரண்டில் எழுதிய ஒரு சின்னக் கோப்பை
அது தேடுகிற அதே பேரில் வைத்தேன்.
ஒரு போட்டோவைவிடச் சிறியது.
கூப்பிடும்போது கைதூக்கி,
பெரியவனை உள்ளே விட்டுவிட்டு
ஒதுங்கிக்கொள்வதுதான் அதற்கு வேலை.

முதல் தடவை எழும்பவில்லை.
பிழை என்னுடையது:
ஐ இருக்க வேண்டிய இடத்தில் எல்.

இரண்டாவது தடவை
திரை நீலமாகிக் கடவுச்சொல் கேட்டது.
அவர் ஒற்றை விரலால் தட்டினார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பட்டியல் திறந்ததும் ஒரு வரியில் விரல் வைத்தார்.
லதுர்ஷன், ஒன்பது கிலோ நானூறு.
"இப்பத் தூக்கினா இன்னும் லேசா இருக்கான்,"
என்னிடம் சொல்லவில்லை, திரையிடம்.

அப்டேட் கேட்டால் வேண்டாமென்று அழுத்துங்கள், என்றேன்.
அது அந்தச் சின்னக் கோப்பை மிதித்துவிட்டுப் போகலாம்.
தலையாட்டினார்.

பில்லுக்குப் பேர் கேட்டேன்.
"எந்தப் பேர்? ஐடென்டிக் கார்டுல ஞானசுந்தரி.
ஈ.பி.எஃப்-ல ஞானசோதி.
ரெண்டுக்கும் ஆள் நான்தான்னு
மூணு வருஷமா கடதாசி குடுக்கிறேன்."

கூப்பிட்டால் எதற்குத் திரும்பிப் பார்ப்பீர்களோ அது,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அக்கரப்பத்தனை பஸ் ஹார்ன் அடித்தது.
துவாயோடு பெட்டியை அணைத்துக்கொண்டு
படியிறங்கி ஓடினார்.

பில் இன்னும் மேசையில் கிடக்கிறது.
தொகை எழுதியாயிற்று. திகதியும்.