பக்கம் ஒன்றுக்கு அறுநூறு

மல்லாவிச் சந்தியில், போட்டோக்கொப்பிக் கடையின் பின்பாதியில்
சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன் நான்.
பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, காணாமற்போனவருக்கான விண்ணப்பம்.
போன கிழமை விமானப்படையின் ஆட்சேர்ப்புக் கையேடு வந்தது,
பதினொரு பக்கம், சிங்களத்திலிருந்து தமிழுக்கு.
வெள்ளிக்கு முடியவேண்டும்.

பயிலிளவல் அதிகாரி என்று தொடங்கினேன்.
நல்ல சொல். யார் கண்டுபிடித்ததோ,
தம்பியைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.
வயது பதினெட்டு முதல் இருபத்திரண்டு, விவாகமாகாதவர்,
கண்ணாடியில்லாமல் கடைசி வரியை வாசிக்கவேண்டும்.
முதல் பதினான்கு கிழமை ஒருவரும் பறப்பதில்லை.
கால் மாற்றி நடப்பது, கட்டில் விரிப்பை மடிப்பது,
சப்பாத்தில் முகம் தெரியுமட்டும் தேய்ப்பது.
பிறகு வகுப்பறை: காற்று, முகில், வரைபடம்.
அதற்கும் பிறகுதான் ஒரு சின்ன விமானம், ஆசிரியர் பக்கத்தில்.
ஒருநாள் அவர் இறங்கிக்கொள்கிறார். பெடியன் தனியே.
'தனிப்பறப்பு' என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

தரைக்கு வந்ததும் அவன் தலையில் வாளியால் ஊற்றுவார்களாம்.
அது கையேட்டில் இல்லை. கொண்டுவந்த கோப்ரல் தர்மகீர்த்தி சொன்னது,
தானும் ஒருக்கால் ஊற்றியதாக. சிரித்தார்.
நானும் சிரித்தேன்.

ஏழாம் பக்கத்தில் இடறினேன்.
'விங்' என்பதைச் சிறகு என்று போட்டால் கோழியாகிவிடும்.
'ஃப்ளைட்' பறப்பல்ல, நாலு விமானமும் அவற்றின் ஆட்களும்.
அவை சேர்ந்தால் ஸ்குவாட்ரன், அதற்கோர் இலக்கம்.
எங்களுக்கு இலக்கம் தெரியாது,
சத்தத்தால் பிரித்து வைத்திருந்தோம்.
கிபிர், போனபின் கேட்பது.
வண்டு, இரவு முழுக்கத் தலைக்குமேல் அரைத்துக்கொண்டிருப்பது.
அன்ரனோவ், பாரமேற்றிய லொறி மேட்டில் ஏறுவதுபோல.
பத்து வயதில் இந்த மூன்றும் எனக்குத் துல்லியம்,
வாய்ப்பாட்டில் எட்டுக்கு மேலே தெரியாது.

ஒன்பதாம் பக்கம் ஓர் அட்டவணை.
பறப்பவர் ஒருவருக்குத் தரையில் இருபத்தாறு பேர்.
எரிபொருள் நிரப்புபவர், டயர் பார்ப்பவர், ஆயுதம் பொருத்துபவர்,
கணக்கெழுதுபவர், விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டுபவர்,
வானிலை சொல்பவர்.

அந்த வரியில் பேனையை வைத்துவிட்டேன்.

முகிலைப் பார்த்துத்தான் அம்மா உலை வைப்பா.
மூடியிருந்தால் புகை தெரியாது, பங்கருக்கு வெளியே சாப்பாடு.
அதே காலையில், எங்கோ ஒரு மேசையிலிருந்து
'துணுக்காய், தெளிவு' என்று ஒருவர்
நல்ல கையெழுத்தில் எழுதியிருப்பார்.
அவரைப்பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை.
பறந்தவனைத்தான் திட்டினோம்,
இவ்வளவு வருசமும் அவனை மட்டும்.

வெள்ளி காலை, கோப்ரல் வருமுன், மதுசிகா வந்தாள்.
ஏஎல்லில் கணிதப் பிரிவு, பௌதிகத்தில் ஏ.
போமில் பதினான்காம் கேள்வி மட்டும் வெறுமை.
உடலில் உலோகம் உண்டா? உண்டெனில் வகை, இடம், காலம்.
இடது தோளைத் தொட்டாள். பயறளவு.
நடை பழகிய வயசில், மாத்தளனில்.
"பிளேனோ ஷெல்லோ எண்டு அம்மாவுக்கும் தெரியாது அண்ணை.
வகை எண்டா என்ன போடுறது?"

"பறக்கவோ போறாய்?"

"இல்லை, வானிலைப் பிரிவு. அதுக்கும் இதே கேள்விதான்."

ஒரு கோடு கிழித்துவிடு என்றேன்.
கோடு என்றால் இல்லையென்று எடுத்துவிடுவார்கள் என்றாள்.
இரும்பா ஈயமா? தெரியாது.
மழைக்கு முதல்நாள் நோகும், அதுதான் தெரியும்.

சந்தியில் மோட்டார் சைக்கிள் திரும்பியது.
அவள் போமைக் கவிழ்த்து வைத்தாள்.
ஆறாயிரத்து அறுநூறு. எண்ணிப் பார்த்தேன், சரி.
பற்றுச்சீட்டில் 'சேவை' என்ற கட்டத்துக்குள்
மொழிபெயர்ப்பு என்று எழுதி ஒப்பமிட்டேன்,
இருபத்தேழாவது ஆள்.

கோப்ரல் வாசலில் நின்று, அரைத் தமிழில், பொதுவாகக் கேட்டார்:
"நாளைக்கு மழை வருமா?"
மதுசிகா தோளை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.
"நாளைக்கு இல்லை" என்றாள்.